அரசர் செலவில் படித்த பையன்: நெப்போலியனின் பள்ளிக்காலம்

நெப்போலியனின் சின்ன வயசைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரு பனிச்சண்டைக் கதை வரும். பள்ளி முற்றத்தில் பனியால் கோட்டை கட்டினான், பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தான், பத்து நாளுக்குக் குறையாமல் போர் நடத்தினான், தளபதி அப்போதே தெரிந்துவிட்டான் என்று முடியும். 1783-84 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் கடும் பனி கொட்டியது உண்மைதான். ஆனால் அந்தக் கதை, பள்ளித்தோழர் பூரியென்னின் பெயரில் பல பத்தாண்டுகள் கழித்து, நெப்போலியன் செத்த பிறகு அச்சேறியது. அதற்குள் அந்தப் பையன் யாராக ஆனான் என்று ஊருக்கே தெரியும். ஆகவே கதையை ரசிக்கலாம், ஆதாரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், விசாரிக்க வேண்டிய கேள்வி வேறு. பிரான்சின் கைக்கு அப்போதுதான் வந்த கோர்சிகா என்ற ஒரு தீவு. அதில் கடன் கழுத்தை நெரிக்கும் ஒரு வக்கீல் குடும்பம். ஒன்பது வயதுவரை பிரெஞ்சு தெரியாத ஒரு பையன். அவன் 16 வயதில் பிரெஞ்சு அரசரின் ராணுவத்தில் அதிகாரி ஆகிவிடுகிறான். எப்படி? பையன் கெட்டிக்காரன் என்பது பதிலில் ஒரு பகுதி. மீதி, அந்தக் காலப் பிரான்சில் இருந்த ஓர் உதவித்தொகை ஏற்பாடு. அதைப் புரிந்துகொண்டால் நெப்போலியனை மட்டுமல்ல, அவரோடும் அவருக்கு எதிராகவும் சண்டை போட்ட பல தளபதிகளையும் புரிந்துகொள்ளலாம்.

ஏழைப் பிரபுக்கள்

18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ராணுவ அதிகாரி ஆவது பிரபு வம்சத்தாரின் உரிமை. காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமே இருந்தது. கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவுக்குத் தலைவர் ஆக வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியை விலை கொடுத்து வாங்க வேண்டும். வெர்சாய் அரண்மனையில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பையன் இருபது வயதைத் தாண்டியதும், பல கம்பெனிகள் சேர்ந்த ரெஜிமெண்டுக்கே தலைவன் ஆகிவிடலாம்.

பிரபு என்றாலே பணக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டம் இருக்கும், சுவரில் தாத்தாவின் வாள் தொங்கும், கூரை ஒழுகும். கிராமப்புறங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். பல தலைமுறையாக அரசருக்காகச் சண்டை போட்டுச் சொத்தை இழந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் படிக்கவைத்து அதிகாரிகளாக்குவதற்காக 15ஆம் லூயி 1751இல் பாரிஸில் ஒரு ராணுவப் பள்ளியைத் தொடங்கினார். 500 பையன்களுக்கு இடம். இந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்று தள்ளியவர் அரசரின் காதலி மதாம் பொம்பதூர் என்பது ஒரு சுவையான விஷயம்.

கட்டடம் பிரமாதமாக எழும்பியது. இன்றும் ஐஃபல் கோபுரத்தில் ஏறி எதிர்ப்பக்கம் பார்த்தால் அது தெரியும். அதுதான் சிக்கலும் ஆனது. ஏழைப் பையன்களை அரண்மனை மாதிரி இடத்தில் வைத்து வளர்த்தால் அவர்கள் முகாம் வாழ்க்கையை எப்படித் தாங்குவார்கள் என்று கேள்வி எழுந்தது. 1776இல் போர் அமைச்சராக இருந்த சான் ஜெர்மான் பிரபு பள்ளியைப் பிரித்தார். மாகாணங்களில் ஏற்கெனவே துறவிகள் நடத்திக்கொண்டிருந்த 12 கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை அரச ராணுவப் பள்ளிகள் என்று அறிவித்தார். ஒவ்வொன்றிலும் 50, 60 பேர் அரசர் செலவில் படிப்பார்கள். மற்றவர்கள் காசு கட்டிப் படிக்கும் உள்ளூர்ப் பையன்கள். அரசர் செலவில் படிப்பவருக்கு அரசின் கஜானாவிலிருந்து ஆண்டுக்கு 700 லிவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) பள்ளிக்குப் போய்ச் சேரும். பாரிஸ் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக மறுபடி திறக்கப்பட்டது. மாகாணப் பள்ளிகளில் தேறியவர்களில் சிலர் மட்டும் அங்கே போவார்கள்.

ஏணி இவ்வளவுதான்: மாகாணப் பள்ளி, பிறகு பாரிஸ், பிறகு ரெஜிமெண்ட். முதல் படியில் கால் வைக்க இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, நான்கு தலைமுறை பிரபு வம்சம். இரண்டு, வறுமை.

கார்லோவின் காகிதங்கள்

கோர்சிகாவை ஜெனோவா நகர அரசு 1768இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பிரான்சிடம் விட்டுக்கொடுத்தது. தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. பாஸ்குவாலே பாவோலியின் தலைமையில் ஏற்கெனவே தனி அரசு நடத்திவந்தவர்கள், ஆயுதம் எடுத்தார்கள். 1769 மே மாதம் போந்தே நோவோ என்ற இடத்தில் தோற்றார்கள். பாவோலி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவருடைய ஆட்களில் ஒருவரான கார்லோ புவோனபார்ட்டே, கர்ப்பிணி மனைவி லெட்டிசியாவோடு மலையில் ஒளிந்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 15 அன்று அஜாக்சியோவில் பிள்ளை பிறந்தது. நாப்போலியோனே என்று பெயர்.

திரும்பிய கார்லோ வேகமாக மனசை மாற்றிக்கொண்டார். மகன் இளமையில் பாவோலியைத் தெய்வமாகக் கொண்டாடியவன், அப்பாவை இதற்காக மன்னிக்கவில்லை என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ கார்லோவின் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. 13 பிள்ளைகள் பிறந்து 8 பேர் தங்கிய வீடு. சட்டம் படித்த மனிதர், புதிய ஆட்சியில் நீதிமன்ற வேலை தேடிக்கொண்டார். பிரெஞ்சு அரசுக்கும் கோர்சிகாவில் நம்பகமான உள்ளூர்ப் பிரமுகர்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே இத்தாலியிலிருந்து வந்த பழைய குடும்பங்கள், தகுந்த ஆவணம் காட்டினால் பிரெஞ்சுப் பிரபுக்களாக ஏற்கப்படலாம் என்றது. 1771இல் புவோனபார்ட்டே குடும்பம் அந்தப் பட்டியலில் ஏறியது.

வம்சச் சான்று ஆயிற்று. அடுத்தது வறுமைச் சான்று. நாம் தாசில்தார் ஆபீசில் வருமானச் சான்றிதழுக்கு நிற்பது போலத்தான் இதுவும். பிள்ளைகளைப் படிக்கவைக்க இவருக்கு வசதியில்லை என்று அஜாக்சியோவில் தெரிந்தவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பட்டுப்பூச்சிக்கான முசுக்கட்டை நாற்றுப் பண்ணை, உறவினர் சொத்து வழக்கு என்று அலைந்துகொண்டிருந்த கார்லோ, நல்ல உடை போட்டுக்கொண்டு பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர். அவர் வறியவர் என்று எழுதித் தர நாலு பேர் கிடைத்ததில் வியப்பில்லை. கடன் நிஜமாகவே இருந்தது.

இரண்டு காகிதமும் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சிபாரிசும் வேண்டும். கோர்சிகாவின் பிரெஞ்சு ஆளுநர் மார்பஃப் பிரபு அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். அவருடைய சகோதரர் மகன் பிரான்சில் ஓத்தன் நகரத்து ஆயர். இப்படி வழி திறந்தது. 1778 டிசம்பரில் கார்லோ இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். மூத்தவன் ஜோசப் பாதிரியார் ஆக வேண்டும். இரண்டாமவன் நாப்போலியோனே சிப்பாய்.

மூத்தவன் கோயிலுக்கு, அடுத்தவன் படைக்கு என்று அப்பா முடிவுசெய்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டாமவனுக்குச் சண்டை பிடிக்கும், அண்ணனை அடித்துவிட்டு அவன் அழுவதற்குள் தானே போய் அம்மாவிடம் புகார் சொல்லிவிடுவான் என்பதெல்லாம் பிற்காலத்தில், நாடுகடத்தப்பட்டு செயின்ட் ஹெலினா தீவில் இருந்தபோது அவரே சொன்ன கதைகள். அம்மா லெட்டிசியா பிரம்பைத் தயங்காமல் எடுக்கிறவர். தனக்குக் கிடைத்த நல்லதெல்லாம் அம்மாவின் கண்டிப்பால் வந்தது என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார்.

பிரியென்

1779 ஜனவரி 1ஆம் தேதி ஓத்தன் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்தது சில மாதங்கள்தான். வேலை ஒன்றே: பிரெஞ்சு கற்பது. ஷார்தோன் என்ற பாதிரியார் சொல்லிக்கொடுத்தார். தட்டுத்தடுமாறிப் பேசும் அளவுக்கு வந்ததும், மே மாதம் ஷாம்பேன் பகுதியில் உள்ள பிரியென் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராணுவப் பள்ளி என்றதும் அணிவகுப்பு, துப்பாக்கி, சார்ஜெண்டின் அதட்டல் என்று கற்பனை ஓடும். பிரியெனில் அது எதுவும் பெரிதாகக் கிடையாது. நடத்தியவர்கள் மினிம் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள். லத்தீன், பிரெஞ்சு, வரலாறு, புவியியல், கணிதம், ஜெர்மன், ஓவியம் ஆகியவை பாடங்கள். நடனம், வாள்வீச்சு, இசை ஆகியவையும் உண்டு. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு அவை தெரிந்திருக்க வேண்டுமே. போர்க்கலை என்று தனிப்பாடம் இல்லை. படை நடத்துவதைப் பற்றி அங்கே அவன் தெரிந்துகொண்டது எல்லாம் ரோமானியத் தளபதி சீசரையும், பழங்கால வீரர்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்கையும் படித்துத்தான்.

ஆனால் வாழ்க்கை முறை முகாம் வாழ்க்கைதான். சான் ஜெர்மானின் விதிமுறைகள் அதை அங்குலம் அங்குலமாக வகுத்திருந்தன. ஆளுக்கொரு சின்ன அறை. கட்டில், தண்ணீர்க் குடம், கை கழுவும் பாத்திரம். உடம்பு சரியில்லாவிட்டாலொழிய எந்தப் பருவத்திலும் ஒரே ஒரு கம்பளி. இரவில் அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வயதுவரை தலைமுடியை ஒட்ட வெட்டுவார்கள்; அதற்கு மேல் பின்னல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பவுடர் ஞாயிறும் பண்டிகையும் மட்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான விதி விடுமுறை பற்றியது. படிக்கும் ஆறு வருடமும் வீட்டுக்குப் போகக் கூடாது. பெற்றோர் வந்து பார்க்கலாம், பையன் போக முடியாது. கோர்சிகாவிலிருந்து ஷாம்பேனுக்கு யார் அடிக்கடி வருவார்கள்? ஒன்பது வயதில் தீவை விட்டுக் கிளம்பியவன் அதை மறுபடி பார்த்தது 1786 செப்டம்பரில், 17 வயதில்.

மத்தியதரைக் கடல் வெயிலில் வளர்ந்தவனுக்கு ஷாம்பேன் குளிர். உடன் படிப்பவர்கள் பிரெஞ்சுப் பிரபுக்களின் பிள்ளைகள். பெயரை அவன் இத்தாலிய உச்சரிப்பில் சொன்னால், பிரெஞ்சுக் காதுக்கு 'மூக்கில் வைக்கோல்' என்பது போலக் கேட்குமாம். அதுவே பட்டப்பெயர் ஆயிற்று என்பது வழிவழிக் கதை. அதோடு கோர்சிகா பிரான்சிடம் தோற்ற ஊர்; அதை நினைவூட்ட ஆள் இருந்தார்கள். பையன் சண்டைக்குப் போனான், இல்லையென்றால் ஒதுங்கிப் படித்தான். பள்ளித் தோட்டத்தில் தனக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்கு வேலி கட்டி, அதற்குள் உட்கார்ந்து படிப்பான், எவனாவது நுழைந்தால் அடிதான் என்றும் சொல்வார்கள்.

படிப்பில் எப்படி? லத்தீன் சுமார். ஜெர்மன் மோசம். பிரெஞ்சு எழுத்துப்பிழை அவரைச் சாகும்வரை விடவில்லை. பேரரசர் ஆன பிறகும் கையெழுத்தைப் படிக்கச் செயலர்கள் திணறினார்கள். கணிதமும் புவியியலும் வரலாறும்தான் வந்தன. சில காலம் அங்கே உதவி ஆசிரியராக இருந்தவர் ஷார்ல் பிஷெக்ரு. விவசாயி வீட்டுப் பிள்ளை. புரட்சிக் காலத்தில் பெரிய தளபதி ஆகி ஹாலந்தைப் பிடித்தார், பிறகு நெப்போலியனுக்கு எதிராகச் சதி செய்து 1804இல் சிறையில் செத்தார். அது தனிக் கதை.

14 வயதில் எழுதிய கடிதம்

பிரியென் காலத்துப் பையனை நேரடியாகப் பார்க்க நமக்கு ஒரு ஜன்னல் உண்டு. 1784 ஜூன் மாதம் மாமாவுக்கு எழுதிய கடிதம். அதற்குச் சில நாள் முன்புதான் அப்பா வந்து தம்பி லூசியனைப் பள்ளியில் விட்டுவிட்டு, தங்கையைப் பாரிஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அண்ணன் ஜோசப், பாதிரியார் படிப்பு வேண்டாம், நானும் ராணுவத்தில் சேருகிறேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். இது கூடாது என்பதற்குத் தம்பி அடுக்கும் காரணங்கள்தான் அந்தக் கடிதம்.

முதலில், அவனுக்குப் போரின் ஆபத்தைச் சந்திக்கும் தைரியம் இல்லை, உடம்பும் தாங்காது என்கிறான். கோட்டைக் காவலில் இருக்கும் அதிகாரியாக நன்றாக இருப்பான், பெண்களோடும் நாகரிகமாகப் பேசத் தெரியும், ஆனால் சண்டையில்? அதற்கடுத்து ஒவ்வொரு படைப்பிரிவாக எடுத்துத் தள்ளுகிறான். கடற்படையா? கணிதமே தெரியாது, கற்க இரண்டு வருடம் ஆகும். பொறியியல் படையா? அதற்கு நாலைந்து வருடம் உழைக்க வேண்டும், நாள் முழுக்க உழைப்பது அவன் சுபாவத்துக்கு ஒத்துவராது. பீரங்கிப்படையா? காலம் கொஞ்சம் குறைவு, ஆனால் அதே கதைதான். ஆக, அவன் நினைப்பது காலாட்படையைத்தான். நாள் முழுக்கச் சும்மா இருந்து தெருவைச் சுற்றலாம். காலாட்படையில் ஒரு சின்ன அதிகாரி என்றால் யார்? முக்கால்வாசி நேரம் உருப்படாதவன்.

அண்ணனைப் பற்றி 14 வயதுப் பையன் எழுதும் கடிதமா இது! எனக்கு இதைப் படிக்கும்போது பனிக்கோட்டைக் கதையைவிட இதில்தான் ஆள் தெரிகிறான். எந்தப் பிரிவில் சேர எவ்வளவு படிக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும், எதில் மதிப்பு, எதில் இல்லை என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. ஆளை எடைபோடுவதில் கருணையே இல்லை. ஏற்பாட்டை உள்ளிருந்து நன்றாகப் புரிந்துகொண்ட பையன். பிற்காலத்தில் இதே ஜோசப்பை முதலில் நேப்பிள்ஸுக்கும் பிறகு ஸ்பெயினுக்கும் மன்னராக்கியவர் இதை எழுதியவர்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அவனே தனக்கு முதலில் நினைத்திருந்தது கடற்படை. அதில் ஆச்சரியமில்லை. அந்த வருடங்களில் பிரெஞ்சுப் பையன்களுக்குக் கடல்தான் பெருமை. 1782, 83இல் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென், சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கரையோரக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிக்கொண்டிருந்தார். ஆனால் கடற்படைக்கு அந்த வருடம் இடம் கிடைப்பது சிரமமாக இருந்தது. அம்மாவுக்கும் கப்பல் வேலை பிடிக்கவில்லை. கணிதம் வருகிற பையனுக்கு மிச்சமிருந்த நல்ல வழி பீரங்கிப்படை.

பீரங்கிக்கு எதற்குக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் முழுக் கதையின் திருப்பம் இதுதான்.

அன்றைய பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப்படையும் பொறியியல் படையும் மட்டும் வேறு மாதிரி. அங்கே பதவியைக் காசுக்கு வாங்க முடியாது. தேர்வு எழுதித் தேற வேண்டும். வெடிமருந்தை எவ்வளவு போடுவது, குழாயை எவ்வளவு தூக்குவது, கோட்டைச் சுவர் எவ்வளவு தூரம் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்பவனிடம் பீரங்கியைக் கொடுத்தால் சொந்த ஆட்களையே கொன்றுவிடுவான். கணக்கு தெரியாத பிரபுவால் அங்கே காலம் தள்ள முடியாது. அதனாலேயே அரண்மனைச் செல்வாக்குள்ள குடும்பங்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. காசும் செல்வாக்கும் இல்லாத, மூளையுள்ள பையனுக்கு அது ஒன்றே திறந்த கதவு.

பாடத்திட்டம் கணித அறிஞர் எத்தியென் பெஸு எழுதிய பாடநூலைச் சுற்றியது. எண்கணிதம், வடிவியல், இயற்கணிதம், இயந்திரவியல் வரை போகும். அந்தக் காலப் பீரங்கி அதிகாரிகள் போட வேண்டியிருந்த ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். கிடங்கில் இரும்புக் குண்டுகளைப் பிரமிடு வடிவில் அடுக்கியிருப்பார்கள். அடியில் 10க்கு 10 சதுரம், அதன் மேல் 9க்கு 9, இப்படியே உச்சியில் ஒன்று. மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அடி வரிசை எண் 10, அதற்கு அடுத்த எண் 11, இரட்டிப்போடு ஒன்று கூட்டினால் 21. மூன்றையும் பெருக்கி 6ஆல் வகுத்தால் 385. குண்டு தீரும் முன் எத்தனை முறை சுடலாம் என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். பெருந்தலைவர்கள் படத்தில் கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் இந்த மாதிரிக் கணக்குதான் ஓடுகிறது.

1784 அக்டோபரில் பிரியெனிலிருந்து பாரிஸ் ராணுவப் பள்ளிக்குப் போனான். கம்பளி ஒன்று மட்டும் கொடுத்த பள்ளியிலிருந்து, வேலைக்காரர்களும் லாயமும் நல்ல சாப்பாடும் உள்ள பள்ளிக்கு. அங்கே கணித ஆசிரியர்களில் ஒருவர் லூயி மோன்ஜ், புகழ்பெற்ற கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜின் தம்பி.

நான்கு மாதத்தில் இடி விழுந்தது. 1785 பிப்ரவரி 24 அன்று அப்பா கார்லோ, மோன்பெலியே நகரில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 38. விட்டுப்போனது கடனும், தீராத வழக்கும், கடைக்குட்டி ஜெரோம் கைக்குழந்தையாக இருந்த ஒரு பெரிய குடும்பமும். பாரிஸ் பள்ளியில் வழக்கமாக இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். இந்தப் பையனுக்கு அவகாசம் இல்லை. சம்பளம் வேண்டும்.

அந்த செப்டம்பரில் தேர்வு. தேர்வாளர் பியேர் சிமோன் லாப்லாஸ். கோள்களின் இயக்கத்தைக் கணித்த அதே லாப்லாஸ். சாதாரணமாக முதல் தேர்வில் தேறினால் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்து, பிறகு இன்னொரு தேர்வு எழுதித்தான் அதிகாரி ஆக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டியவர்கள் அந்த வருடம் நாடு முழுக்க 58 பேர். அதில் இவனுக்கு 42ஆம் இடம்.

42ஆம் இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் நண்பர்கள் உண்டு. பட்டியலில் முன்னே நின்ற பலர் பயிற்சிப் பள்ளிகளில் கூடுதலாக ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வந்தவர்கள். பாரிஸ் பள்ளியிலிருந்து நேரடியாகத் தேறியவர்கள் நாலே பேர். இவன் அங்கே இருந்தது ஒரே ஒரு வருடம். வயது 16. லாப்லாஸை 1799இல் நெப்போலியன் உள்துறை அமைச்சர் ஆக்கினார், ஆறே வாரத்தில் நீக்கவும் செய்தார். கணிதப் புலியால் நிர்வாகம் நடத்த முடியவில்லை என்று காரணம் சொன்னார். தேர்வு வைத்தவருக்கு மாணவன் போட்ட மதிப்பெண்.

பதவி கிடைத்தது வலான்ஸ் நகரில் இருந்த லா ஃபேர் ரெஜிமெண்டில். இரண்டாம் லெப்டினென்ட். போய்ச் சேர்ந்ததும் அதிகாரி நாற்காலி கிடைத்துவிடவில்லை. அந்தப் படையின் வழக்கப்படி முதலில் சாதாரணப் பீரங்கிச் சிப்பாய், பிறகு கார்ப்பரல், பிறகு சார்ஜெண்ட் என்று சுமார் மூன்று மாதம் கீழ்வேலை எல்லாம் செய்துவிட்டுத்தான் அதிகாரியாக நிற்கலாம். அதாவது, சுட்ட பீரங்கிக் குழாய்க்குள் ஈரத் துடைப்பத்தை விட்டுக் கனலை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வைக்கும் மருந்துப் பை முகத்தில் வெடிக்கும். பையையும் குண்டையும் கோலால் இடிக்க வேண்டும். அப்படி இடிக்கும்போது இன்னொருவன் பின்பக்கத் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருக்க வேண்டும். காற்று புகுந்தால் உள்ளே மிஞ்சிய கனல் உயிர்பெற்றுவிடும். துளை வழியே ஊசியால் பையைக் குத்தி, திரி வைத்து, பற்றவைத்து, பின்னுக்குத் தாவிய வண்டியைத் தோள்கொடுத்து மறுபடி இடத்துக்குத் தள்ள வேண்டும். இத்தனையையும் 16 வயதுப் பிரபுப் பையன் தன் கையால் செய்தான். பிற்காலத்தில் பீரங்கிக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைத்ததற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். காலாட்படைக்குப் பதவி வாங்கிய எந்தப் பிரபுவும் இப்படித் தோள் கொடுத்ததில்லை.

அதே ஏணியில் ஏறிய மற்றவர்கள்

பாரிஸிலிருந்து தேறிய அந்த நாலு பேரில் 41ஆம் இடம் பெற்றவன் ஃபெலிப்போ. வகுப்பில் இருவருக்கும் ஆகாது. மேசைக்கடியில் உதைத்துக்கொள்வார்கள் என்று கதை உண்டு. புரட்சி வந்ததும் ஃபெலிப்போ அரசர் பக்கம் போனார். 1799இல் நெப்போலியன் எகிப்திலிருந்து சிரியாவுக்குள் புகுந்து, அக்கா என்ற கடலோர ஊரின் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே ஆங்கிலேயரோடும் துருக்கியரோடும் சேர்ந்து தற்காப்பு வேலைகளைத் திட்டமிட்டவர் அதே ஃபெலிப்போதான். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்து, ஒரே ஆளிடம் தேர்வு எழுதியவர்கள். முற்றுகையின்போதே ஃபெலிப்போ நோயுற்று இறந்தார். ஆனாலும் கோட்டை விழவில்லை, நெப்போலியன் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 39ஆம் இடம் பெற்ற பிக்கோ த பெக்காதுக் ஆஸ்திரிய ராணுவத்தில் சேர்ந்து அங்கே பெரிய தளபதி ஆனார். நெப்போலியனின் மார்ஷல்களில் கெட்டிக்காரர் என்று பலரும் சொல்லும் தவூவும் இதே ஏற்பாட்டின் பிள்ளைதான். ஒசேர் ராணுவப் பள்ளியில் படித்துப் பாரிஸ் போனவர்.

சரி, பள்ளி மட்டும் போதுமா என்றால், இல்லை. 1781இல் போர் அமைச்சர் செகூர் போட்ட ஆணைப்படி, நான்கு தலைமுறை பிரபு வம்சம் இல்லாதவர் நேரடியாக அதிகாரி ஆக முடியாது. அந்த வாசலை நெப்போலியன் காகிதம் காட்டித் தாண்டினார். ஆனால் உள்ளே போன பிறகும், உயர்பதவிகள் அரண்மனைக்காரர்களுக்குத்தான். 1789இல் புரட்சி வெடித்திருக்காவிட்டால் இந்தப் பையன் ஐம்பது வயதில் கேப்டனாக ஓய்வு பெற்று, கோர்சிகாவில் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்பதே என் கணிப்பு. புரட்சியில் பிரபு அதிகாரிகள் பெருந்தொகையாக நாட்டைவிட்டு ஓடினார்கள். பீரங்கியைக் கையாளத் தெரிந்த அதிகாரிக்கு ஒரே நாளில் மவுசு கூடியது. 1793இல் தூலோன் துறைமுகத்தை ஆங்கிலேயக் கப்பல்களிடமிருந்து மீட்கும் முற்றுகையில், பீரங்கிப்படைத் தலைவர் காயம்பட்டு விழ, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. நகரத்தைத் தாக்க வேண்டாம், துறைமுக வாயைப் பார்த்து நிற்கும் முனையைப் பிடித்துப் பீரங்கி வைத்தால் கப்பல்கள் தாமாகக் கிளம்பிவிடும் என்றார். தூரத்தையும் கோணத்தையும் வரைபடத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனின் யோசனை அது. டிசம்பரில் கப்பல்கள் கிளம்பின. நெப்போலியன் பிரிகேடியர் ஜெனரல் ஆனபோது வயது 24.

தன்னை ஏற்றிவிட்ட ஏணியை அவர் மறக்கவில்லை. அரசர் காலத்து ராணுவப் பள்ளிகளைப் புரட்சி 1793இல் மூடிவிட்டது. ஆட்சிக்கு வந்ததும், 1802 மே மாதச் சட்டத்தின் மூலம் நாடு முழுக்க லிசே எனப்படும் அரசு மேல்நிலைப் பள்ளிகளைத் தொடங்கி, 6,400 உதவித்தொகை இடங்களை ஒதுக்கினார். அதில் 2,400 இடம் ராணுவத்தினர், அரசு அலுவலர்களின் பிள்ளைகளுக்கு. நான்கு தலைமுறைச் சான்றிதழ் கேட்பதில்லை. சீருடை உண்டு, மணிக்குப் பதில் முரசு உண்டு. பிரியெனில் படித்தவர் வடிவமைத்தது என்று பார்த்தாலே தெரியும்.

அதே சட்டத்தில் அதிகாரிகளுக்கான தனி ராணுவப் பள்ளியும் பிறந்தது. ஃபோந்தென்புளோவில் தொடங்கி 1808இல் சான் சீர் என்ற ஊருக்கு மாறியது. அங்கே அந்த ராணுவப் பள்ளி குடியேறிய கட்டடம், ஏழைப் பிரபுக்களின் பெண்பிள்ளைகளை அரசர் செலவில் படிக்கவைத்த பழைய பள்ளி. 1784இல் கார்லோ கூட்டிக்கொண்டு போன தங்கை எலிசா படித்தது அங்கேதான். 1792 செப்டம்பரில் பள்ளி மூடப்படும் தருவாயில் அவளை ஊருக்கு அழைத்துப்போக வந்த அண்ணன், இளம் கேப்டன் புவோனபார்ட்டே.